சாவடி வாசலில்

எங்கள் பங்குக் கோவிலில் நாள்தோறும் காலை ஐந்து மணிக்குத் திரிகாலச் செபமணி ஒலிக்கும். சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் விசைத்தறி நாட்டில் ஒரு மணியோசை காதில் விழுவதே பெரிய காரியம். இரவெல்லாம் ஓடும் தறிகளின் தடதடப்பு அந்நேரத்திலும் ஓய்வதில்லை. ஆயினும் எங்கள் கோவில்பிள்ளை அடித்த மணி தறிக்காரர்களுக்கும் கேட்டது. நம் சபையைச் சாராத வீடுகளிலும் அதைக் கேட்டே பால் கறக்க எழுந்தார்கள். மும்மூன்றாக மூன்று முறை, பிறகு நிதானமாக ஒன்பது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் நேரம் தவறியதாக எனக்கு முன்பிருந்த பங்குத்தந்தையர் ஒருவரும் சொன்னதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலை. அன்றும் ஐந்து மணிக்கு மணி ஒலித்தது. போர்வைக்குள் இருந்தபடியே செபத்தைச் சொல்லி முடித்தேன். குருக்களுக்கும் குளிர் உண்டு. ஐந்து நாற்பதுக்குத் திருப்பலிக்கு ஆயத்தமாகச் சாக்ரிஸ்டிக்குள் நுழைந்தபோது அவர் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். மெழுகுதிரி ஏற்றும் கோல் கையிலிருந்து நழுவிச் சுவரோரம் உருண்டிருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலக்கையைத் தூக்கினேன், ஈரத்துணி போல் விழுந்தது. என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல முயன்றார், சொல் வரவில்லை.

108-ஐ அழைத்தோம். இருபத்தைந்து நிமிடங்களில் வண்டி வந்துவிட்டது. அந்த வண்டியில் இருவர் இருப்பர் என்பது வாசகர்கள் அறிந்ததே. ஓட்டுநர் ஒருவர், அவரைப் பைலட் என்பார்கள். மற்றவர் மருத்துவ உதவியாளர். அன்று வந்த மருத்துவ உதவியாளர் தாராபுரம் பக்கத்து இளைஞர். நாடியையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

“சாமி, இவரு கடைசியா எப்பங்க நல்லா இருந்தாரு?”

“அஞ்சு மணிக்கு மணி அடிச்சாரே, தம்பி.”

“நீங்களே காதுல கேட்டீங்களா?”

“கேட்டேன். முழுசும் கேட்டேன்.”

படிவத்தில் ‘5.00’ என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டமிட்டார். “இதுதானுங்க சாமி முக்கியம். நாலரை மணி நேரந்தான் கணக்கு” என்றார்.

அந்தக் கணக்கு எனக்கு அப்போது விளங்கவில்லை; பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்தில், அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து ஒன்று உண்டு. அதைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கெடு கடந்தபின் செலுத்தினால் நன்மையைவிடத் தீமை மிகக்கூடும். இதில் நேரம் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதே முக்கியம். நோயாளி விழுந்து கிடந்ததை நாம் கண்ட நேரத்திலிருந்து எண்ணுவதில்லை. அவர் நலமாக இருந்தார் என்று ஒருவர் உறுதியாகச் சொல்லக்கூடிய கடைசி நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள். எங்கள் கோவில்பிள்ளையைப் பொறுத்தவரை அந்த நேரத்தை ஊரே கேட்டிருந்தது.

நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். ஸ்கேன் வசதியுள்ள ஒரு மருத்துவமனையை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அடைந்தோம். அதன் பெயரும் ஊரும் இங்கு வேண்டாம். அங்கு நடந்தது எந்த மருத்துவமனை வாசலிலும் நடக்கக்கூடியது.

அவசரப் பிரிவின் வாயிலில் ஒரு செவிலியர் நின்றார். வண்டியின் கதவு திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “இங்க ஏன் கொண்டு வந்தே? பெட் இருக்கான்னு போன் பண்ணிக் கேக்கத் தெரியாதா?” என்பது.

“மூணு தடவ அடிச்சேன். எடுத்தாத்தானே!” என்றார் தாராபுரத்து இளைஞர்.

“எடுக்கறதுக்கு நான் என்ன உங்க வீட்டு வேலைக்காரியா?”

“மொதல்ல ஸ்ட்ரெச்சரைக் குடு. எங்க வண்டி ஸ்ட்ரெச்சரை வெச்சுட்டுப் போக முடியாது. அடுத்த கேஸ் நிக்குது.”

எங்கள் கொங்கு நாட்டுப் பேச்சைப் பற்றி ஓர் இடைச்செருகல். ‘ங்க’ என்னும் அசை எங்களுக்கு மூச்சுக் காற்று போன்றது. ஐந்து வயதுப் பிள்ளையையும் ‘வாங்க கண்ணு’ என்போம். கடன்காரனிடமும் ‘அடுத்த மாசங்க’ என்போம். வெளியூரிலிருந்து இங்கு மாற்றலாகி வரும் குருக்கள் முதல் மாதத்தில் இதை எண்ணிச் சிரிப்பார்கள்; ஆறாம் மாதத்தில் அவர்களும் அப்படியே பேசுவார்கள். காலையில் என்னிடம் வாக்கியத்துக்கு இரண்டு ‘ங்க’ போட்ட அந்த இளைஞரின் பேச்சிலிருந்து அந்த அசை அடியோடு உதிர்ந்துவிட்டதை நான் கவனித்தேன். இருவருக்கும் நடுவே கோவில்பிள்ளை படுத்திருந்தார். பேச்சு போய்விட்டதே தவிர, காது போகவில்லை. ஒருவர் பேசும்போது ஒருவரையும், மற்றவர் பேசும்போது மற்றவரையும் அவருடைய கண்கள் மாறி மாறிப் பார்த்தன. ஏதோ தன்னால் வந்த தகராறு என்று எண்ணுபவர் போல முகத்தைச் சுளித்தார்.

அந்நிலையில் ஒரு குருவானவர் என்ன செய்திருக்க வேண்டும்? நான் செய்ததைச் சொல்கிறேன். வெள்ளை அங்கியோடு முன்னால் போய் நின்று, செவிலியரைப் பார்த்துக் குரலை உயர்த்தினேன். “யாரிடம் பேசுகிறோம் என்று தெரிகிறதா? உங்கள் மேலதிகாரி எனக்கு நன்றாகத் தெரிந்தவர்” என்றேன். மேலதிகாரியை ஒரு திருமண விருந்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன், அவ்வளவே. செவிலியர் வாயை மூடிக்கொண்டார். எங்கிருந்தோ ஒரு தள்ளுவண்டி வந்தது. மருத்துவ உதவியாளர் படிவத்தை நீட்டினார். செவிலியர் அதைப் படிக்காமலே கையெழுத்திட்டு நகலைக் கோப்பில் செருகினார். ‘ஐந்து மணி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய இளைஞர் அதைச் சொல்லாமலே திரும்பி நடந்தார். யாரிடம் சொல்வது? கேட்கும் முகமாக அங்கு ஒரு முகமும் இல்லை. வண்டி கிளம்பிவிட்டது.

நானோ வெளியே போய், அந்த மேலதிகாரியை அறிந்த ஒருவரை அறிந்த இன்னொருவரைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்தேன். நீதி கேட்பதாக எனக்கு நினைப்பு. அதற்குள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகன் வந்து சேர்ந்தான். எட்டு மணிக்கு ஓர் அடக்கத் திருப்பலி இருந்தபடியால் அவனிடம் தந்தையை ஒப்படைத்துவிட்டு நான் ஊர் திரும்பினேன். அவனிடமும் நான் சொன்னது அந்தச் செவிலியரின் திமிரைப் பற்றித்தான்.

பதினோரு மணிக்கு மீண்டும் சென்றேன். பணியிலிருந்த மருத்துவர் இளையவர், பொறுமைசாலி. ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை, ஆனால் நேரம் தெரியாததால் ஊசி போடவில்லை என்றார். நேரம் தெரியாதா? அவர் மகனைக் கேட்டிருக்கிறார். மகன் தாயைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறான். இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கோவில் வளாகத்து அறையில் படுக்கப் போனவர், காலையில் விழுந்து கிடந்தார் என்று அந்த அம்மாள் சொன்னதை அவன் அப்படியே சொல்லியிருக்கிறான். பத்து மணியிலிருந்து எண்ணினால் ஒன்பது மணி நேரம். மருத்துவர் செய்தது சரியே.

“ஐந்து மணிக்கு அவர் மணி அடித்தாரே” என்றேன்.

மருத்துவர் கோப்பைப் புரட்டினார். அடியில், தலைகீழாக, 108-இன் படிவ நகல் கிடந்தது. வட்டத்துக்குள் 5.00. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்பதரை மணியோடு கெடு முடிந்திருந்தது.

“கொடுத்திருந்தாலும் கை திரும்பியிருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது, ஃபாதர்” என்றார். உண்மையாகவே அது அப்படித்தான். எல்லாருக்கும் அந்த மருந்து பலிப்பதில்லை. அவர் என்னைத் தேற்றுவதற்காகவும் சொன்னார் என்பதும் தெரிந்தது. அந்த ஐந்து மணியைத் தம் காதால் கேட்டவராக அந்த மருத்துவமனை வாசலில் நின்றவன் நான் ஒருவனே. கோபம் கொள்வதில் மும்முரமாக இருந்ததால் அதைச் சொல்லத் தவறிவிட்டேன்.

பத்து நாட்கள் கழித்து, 108 வண்டி நிறுத்தப்படும் இடத்துக்குச் சென்றேன். தாராபுரத்து இளைஞர் வண்டிக்குள் அமர்ந்து தூக்குப்போசியிலிருந்து தயிர்ச்சோறு உண்டுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை உதறிவிட்டு எழுந்து, “மணியடிக்கிற ஐயன் எப்படி இருக்காருங்க சாமி?” என்றார். யாரும் வந்து சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியுமாம். கொண்டுபோய்ச் சேர்த்தவர் பிழைத்தாரா, போனாரா என்பது பெரும்பாலும் அவர்கள் அறியாமலே போய்விடுகிறது. அடுத்த நாள் அதே மருத்துவமனைக்குப் போனாலும், கேட்பதற்கு நேரமில்லை, கேட்டால் பதிலும் இல்லை என்றார்.

தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. இன்று 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் மாநிலமெங்கும் ஓடுகின்றன. அழைப்புக் கட்டணமில்லை, வண்டிக்கும் கட்டணமில்லை. ஊழியருக்குப் பன்னிரண்டு மணி நேரப் பணி. எட்டு மணி நேரம் கேட்டு அவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். வண்டியோடு வந்த ஸ்ட்ரெச்சர் வண்டிக்குத் திரும்பாதவரை அந்த வண்டி அடுத்த அழைப்புக்குப் போக முடியாது. படுக்கையில்லாத கட்டிலுக்குச் சமம். வாசலில் அவர்கள் ஸ்ட்ரெச்சர், ஸ்ட்ரெச்சர் என்று கத்துவது எதற்கென்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அதுவரை நோயாளியைக் கழற்றிவிட அவசரப்படுகிறார்கள் என்றே எண்ணியிருந்தேன்.

“கொரோனாக் காலத்துல எங்களுக்குப் பூவெல்லாம் தூவுனாங்க சாமி” என்றார் சிரித்தபடி. 2020 மே 3-ஆம் நாள் விமானப் படையினர் நாடெங்கும் மருத்துவமனைகள் மேல் மலர் தூவியதைச் சொன்னார். “பூ வந்துருச்சுங்க. ஸ்ட்ரெச்சர்தான் இன்னும் வல்லீங்க.”

மறு ஆண்டு மே மாதத்தை அவர் பேச்சில் தொட்டும் தொடாமலும் விட்டார். 2021-இல் அந்த மாத இறுதியில் நாள்தோறும் பதிவான தொற்றில் கோவை சென்னையையே மிஞ்சிற்று. முதலமைச்சர் பாதுகாப்புக் கவச உடை அணிந்து சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குள் சென்று நோயாளிகளைக் கண்டது அந்நாட்களில்தான். படுக்கைக்காகக் காத்து நின்ற வண்டிகளுக்குள் இருந்தவர்களைப் பற்றி நான் மேலும் கேட்கவில்லை.

அடுத்து, செவிலியரைத் தேடிச் சென்றேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் பாதி; என் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் எண்ணம் பாதி. அவருக்கு என்னை நினைவில்லை. ஒரு குருவானவர் அங்கியோடு வந்து மிரட்டியதைக்கூட மறந்துவிட்டார் என்பது என் தன்மானத்துக்குச் சற்று வலித்தது. நடந்ததைச் சொன்னேன்.

“அப்படித்தான் பேசியிருப்பேன் ஃபாதர்” என்றார், ஒளிவுமறைவின்றி. அவர் நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்தவர். இரவுப் பணி முடியும் கடைசி மணி நேரம் அது. படுக்கைகள் நிறைந்தபின் வரும் ஒவ்வொரு வண்டியும், ஏற்கெனவே உள்ளே கிடக்கும் ஒருவரிடமிருந்து தம்மைப் பிய்த்துக்கொண்டு போவதாகத் தோன்றும் என்றார். தொலைபேசி அடித்தது காதில் விழுந்திருக்கும். இரண்டு கையிலும் வேலை இருந்திருக்கும். வண்டிக்காரர்கள் மீது அவருக்கும் குறைகள் உண்டு. படிவத்தைக் கோழிக் கிறுக்கலாக எழுதுகிறார்கள். பார்க்காத இரத்த அழுத்தத்தைப் பார்த்ததாக எழுதுவோரும் உண்டு. இறக்கியவுடன் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். ஒரு கேள்வி கேட்க முகம் தேடினால் ஆளில்லை. இதைச் சொல்கையில் அவர் குரலில் பகை இல்லை, களைப்புத்தான் இருந்தது. கடைசியில், “அந்தத் தாத்தா எப்படி இருக்கார்?” என்று கேட்டார். அவருக்கும் தெரியாது. வார்டுக்கு அனுப்பியபின் அவர்கள் யாரும் அவசரப் பிரிவுக்குத் திரும்பி வந்து நலம் சொல்வதில்லை.

ஒரே நோயாளியை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கை வாங்குகிறது. கொடுப்பவருக்கு அவருடைய முடிவு தெரியாது. வாங்குபவருக்கு அவருடைய தொடக்கம் தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது ஐந்தே நிமிடங்கள், அதுவும் இருவருக்கும் மிகக் கெட்ட ஐந்து நிமிடங்கள்.

நல்ல சமாரியர் உவமையை நான் எத்தனை மறையுரைகளில் எடுத்தாண்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எல்லாவற்றிலும் சாலையோடு நின்றுவிட்டேன். குரு கண்டும் காணாமல் போனார், லேவியர் போனார், சமாரியர் இரங்கினார். அத்துடன் மறையுரை முடியும். நம் நாட்டுச் சட்டமும் அந்தச் சாலையில்தான் நிற்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு உதவுவோரைக் காக்க மத்திய அரசு 2015-இல் வகுத்த நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் கட்டாயமாக்கியது. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் நல்ல சமாரியர் என்ற பெயரிலேயே ஒரு பிரிவு சேர்ந்தது. நல்லதே. ஆனால் லூக்கா அந்தக் கதையைச் சாலையில் முடிக்கவில்லை. சமாரியர் அடிபட்டவரைத் தம் விலங்கின்மேல் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோகிறார். இரவு அங்கேயே தங்குகிறார். மறுநாள் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுக்கிறார். அது ஒரு கூலியாளின் இரண்டு நாள் ஊதியம். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போகிறார்.

குருமடத்தில் எங்களுக்கு விவிலியம் கற்பித்த தந்தை, சாவடிக்கு லூக்கா இங்கு ஆளும் கிரேக்கச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியது நினைவிருக்கிறது: பந்தோகெயோன். ‘எல்லாரையும் ஏற்கும் இடம்’ என்று அச்சொல்லைப் பிரித்துப் பொருள் சொன்னார். இயேசு பிறந்தபோது இடமில்லாமற்போன விடுதிக்கு லூக்கா பயன்படுத்தும் சொல் வேறு. எல்லாரையும் ஏற்க வேண்டிய இடம் என்றால் இன்று எனக்கு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவே நினைவுக்கு வருகிறது. இடமில்லை என்று அவர்கள் கதவை மூட முடியாது. எல்லாரையும் ஏற்றாக வேண்டியவரின் வாயிலிருந்துதான் ‘இங்கு ஏன் கொண்டு வந்தாய்’ என்ற சொல் பிறக்கிறது. அதற்காக அச்சொல் நியாயமாகிவிடாது, ஆயினும் அது எங்கிருந்து பிறக்கிறது என்பது தெரிகிறது.

ஓரிஜெனும் அகுஸ்தினாரும் இந்தச் சாவடி திருச்சபையையே குறிக்கும் என்று விளக்கம் தந்தார்கள். அதை நினைக்கையில் என் பங்கு அலுவலகத்தின் வாசல் கண்முன் வருகிறது. ஞானஸ்நானச் சான்றிதழுக்கு மூன்றாம் முறையாக வந்த ஒரு தாயிடம் நான் பேசிய தொனியை அந்தச் செவிலியர் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்? சரி, அது வேறு கட்டுரை.

உவமையில் என்னை நிறுத்துவது அந்த இரவுத் தங்கல். சமாரியர் வாசலில் ஆளை இறக்கிவிட்டுப் போகவில்லை. எங்கே கண்டேன், காயத்தில் என்ன வார்த்தேன் என்பதைப் பொறுப்பாளரிடம் சொல்ல அவருக்கு ஓர் இரவு இருந்தது. திரும்பி வருவேன் என்றும் சொன்னார். வந்தால், ஆள் எப்படி இருக்கிறார் என்பதை அறிவார். நம் தாராபுரத்துச் சமாரியருக்கு இவ்விரண்டும் இல்லை.

இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரியும் என் அக்காள் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது இதைச் சொன்னேன். அவள் வியப்படையவில்லை. அங்கே ஆம்புலன்சில் வந்தவரை 15 நிமிடங்களுக்குள் ஒப்படைத்து வாங்க வேண்டும் என்பது விதி. 2022-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வண்டிகள் மருத்துவமனைக்கு வெளியே மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றனவாம். செல்வ நாடானாலும் வாசல் வாசல்தான். அவள்தான் ஓர் ஆய்வையும் எடுத்துச் சொன்னாள். இஸ்ரயேல் நாட்டில் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 மருத்துவக் குழுக்களை வைத்து ரிஸ்கின், ஏரெஸ் முதலியோர் செய்து, 2015-இல் குழந்தை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டது. குறைமாதக் குழந்தை ஒன்றின் நோய் திடீரென முற்றுவது போன்ற ஒரு பயிற்சி நடத்தினார்கள். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் பார்ப்பதாகச் சொல்லி, சில குழுக்களிடம் மட்டும் அவர் உள்ளூர் மருத்துவத்தைத் தாழ்த்தி நாலு வார்த்தை பேசும்படி செய்தார்கள். திட்டவில்லை, கத்தவில்லை, மட்டமாகப் பேசினார், அவ்வளவே. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சைச் செயல்களிலும் பின்தங்கின.

ஏன் என்பதுதான் என்னை உறக்கமிழக்கச் செய்தது. புண்பட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்வது குறைந்தது. தெரியாததைக் கேட்பதும் உதவி நாடுவதும் குறைந்தது. அவர்கள் சோம்பவில்லை, பழிவாங்கவில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது. வட்டமிட்ட அந்த ஐந்து மணி வாய் திறவாமல் கோப்புக்குள் போன வழி எனக்கு அப்போது தெளிவாயிற்று. மரியாதை என்பது பேச்சின் அலங்காரம் என்றே நான் எண்ணி வந்திருக்கிறேன். அந்த வாசலில் அது செய்தி செல்லும் குழாயாக இருந்தது. அதை முதலில் அடைத்தவர் யார் என்று இன்னும் என்னால் தீர்மானிக்க இயலவில்லை. இறுதியாக அடைத்தவன் யார் என்பது தெரியும்.

மருத்துவமனைகளின் பாதுகாவலராக 1886-இல் பதின்மூன்றாம் சிங்கராயரும், செவிலியரின் பாதுகாவலராக 1930-இல் பதினோராம் பத்திநாதரும் அறிவித்த புனித கமில்லஸ் லெல்லிஸைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. காலில் ஆறாத புண்ணோடு உரோமைப் புனித யாகப்பர் மருத்துவமனையில் சேர்ந்து, அங்கேயே பணியாளராக இருந்த அந்தப் போர்வீரரைச் சில மாதங்களில் வெளியேற்றினார்கள். காரணம், சூதாட்டமும் ஓயாத சண்டையும். உடன் பணியாளரோடு வாய்ச்சண்டை போட்டு வெளியேற்றப்பட்டவர்தாம் பிற்காலத்தில் அதே மருத்துவமனைக்குத் திரும்பி வந்து அதன் மேற்பார்வையாளரானார். பிறகு நோயாளர் பணிக்கென்று ஒரு சபை கண்டு, 1586-இல் ஐந்தாம் சிக்ஸ்துவிடம் அங்கியில் செஞ்சிலுவை அணிய அனுமதி பெற்றார். 1595-இல் ஹங்கேரியில் போர்ப் படையோடு சென்று காயம்பட்டோரைப் பேணியவர்களும் அச்சபையினரே. சண்டைக்காரரை மருத்துவமனைக்குப் பாதுகாவலராக்கிய திருச்சபைக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

மருத்துவமனைகளைத் திருத்துவது என் கையில் இல்லை. தமிழ்நாட்டு அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் வாயிலிலேயே நோயாளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்தும் முறை வந்திருக்கிறது. வண்டி வருமுன்பே தகவல் தெரிவிக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. தொலைபேசியை எடுக்க ஓர் ஆளும், கொடுக்க ஒரு தள்ளுவண்டியும் இருந்துவிட்டால் பாதிச் சண்டை எழாது. மீதிப் பாதிக்கு ஆளும் வண்டியும் போதா.

என்னால் ஆனது சிறியது. வின்சென்ட் தே பவுல் சபையினர் தொடர்ந்து மருந்து உண்ணும் முதியோர் வீடுகளுக்கெல்லாம் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள்: பெயர், நோய், மாத்திரை, ஒவ்வாமை, கடைசியாக நலமாக இருந்தபோது பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு. கடைசி இரண்டையும் நோய் வந்த அன்று நிரப்ப வேண்டும். நிரப்பியவரே வண்டியில் ஏறிச்சென்று, வாங்கிக்கொள்ளும் செவிலியரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதுவரை நான்கு முறை பயன்பட்டிருக்கிறது. ஒருமுறை நானே சென்றேன். வாசலில் அதே போன்ற சொற்கள் எழுந்தன. இருவரையும் பார்த்துக் கும்பிட்டு, “எனக்கு ஒரே ஒரு நேரம் சொல்லணுங்க, சொல்லிட்டு ஓரமா நின்னுக்கறேன்” என்றேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னேன். செவிலியர் அதைத் தம் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அதன்பின் அவர்கள் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த நால்வரும் என்ன ஆனார்கள் என்பதை 108 ஊழியருக்கும் அவசரப் பிரிவுக்கும் தெரிவித்துவருகிறேன். முதலில் விந்தையாகப் பார்த்தார்கள். இப்போது தாராபுரத்து இளைஞரே சாலையில் கண்டால் வண்டியின் வேகத்தைக் குறைத்து விசாரிக்கிறார்.

கோவில்பிள்ளைக்குப் பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. வலக்கை திரும்பவில்லை. மணிக்கயிற்றைப் பேரனிடம் கொடுத்துவிட்டார். நடந்ததை அவரிடம் ஒருநாள் முழுவதும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “அந்தப் புள்ள ராத்திரியெல்லாம் தூங்கலீங்க சாமி, கண்ணு செவந்து கெடந்துச்சு” என்று செவிலியரைப் பற்றிச் சொன்னார். படுத்திருந்தவர் அதைப் பார்த்திருக்கிறார்.

விடியுமுன்பே கோவில் படிக்கட்டில் வந்து அமர்ந்துகொள்கிறார். சென்ற வாரம் பேரன் சற்று அயர்ந்துவிட்டான். மணி அடித்து முடித்து அவன் வெளியே வந்தபோது, பெரியவர் இடக்கை விரல் ஐந்தையும் விரித்துக் காட்டி, “அஞ்சு நிமிசம்” என்றார்.